அந்த அங்குலம் யாருடையது

நான் கட்டிங் மேசையை விட்டு விலகிய பிறகும் கம்பெனியில் என்னை ‘வெஃகல் மாஸ்டர்’ என்றுதான் சொல்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. ஆனால் எனக்குக் காது நன்றாகவே கேட்கும். துணியை இழுத்து வெட்டினாலும் சரி, பக்கத்து மேசைச் சாக்பீஸைக் கேட்காமல் எடுத்தாலும் சரி, “இது வெஃகல்” என்று அதட்டுவேன். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மாஸ்டர் ஏதோ கெட்ட வார்த்தையில் திட்டுகிறார் என்று நினைத்தவர்களும் உண்டு. கட்டிங்குக்கும் குவாலிட்டிக்கும் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

இன்னொன்றும் என்னைப் பற்றிச் சொல்வீர்கள், பொறாமைக்காரன் என்று. அதுவும் உண்மைதான், மறைக்க ஒன்றுமில்லை. பக்கத்து மேசையில் ஒருவன் என்னைவிட நன்றாக வெட்டினால் எனக்குச் சோறு இறங்காது. வயதானால் குறையும் என்றார்கள், குறையவில்லை. இப்போதுகூட எங்கள் தெருவில் எதிர்வீட்டுக்காரர் செடி என் செடியைவிட அதிகம் பூத்தால் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் நடக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தேன். உள்ளூர் பனியனை விட்டுவிட்டு எல்லாரும் எக்ஸ்போர்ட் பக்கம் தாவிக்கொண்டிருந்த நேரம். முதலாளியைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேசமாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அதைப் பார்த்தாலே எல்லாரும் மெஷினைக் கொஞ்சம் வேகமாக மிதிப்பார்கள். கட்டிங்கில் இரண்டு மேசை இருந்தன. ஒன்று எனக்கு, இன்னொன்று சண்முகத்துக்கு.

சண்முகம் என் வயதுக்காரன். நெசவுக் குடும்பம். கிருத்திகை தவறாமல் விரதம் இருப்பான். தமிழ் படித்துப் புலவர் பட்டம் வாங்கியிருந்தான். வாத்தியார் வேலை கிடைக்கும்வரை என்று கத்தரிக்கோலை எடுத்தவன், அப்புறம் கீழே வைக்கவே இல்லை. நான் குன்னத்தூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவன், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். வெட்டிய கட்டுகளில் செருகுகிற பண்டில் சீட்டை அவன் எழுதினால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். செக்கிங் பெண்கள் வீட்டில் பலகாரம் செய்தால் முதல் உருண்டை அவன் மேசைக்குப் போகும், மிச்சம் இருந்தால் என் மேசைக்கு வரும். பாய் அவனை “என்ன புலவரே” என்பார். என்னை “மாஸ்டர், அந்த லாட் முடிஞ்சுதா” என்பார். அவனுக்குத் தலைமுடிகூட என்னைவிட அடர்த்தி.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்று. ஒரே நூல், ஒரே துணி, ஒரே பேட்டர்ன் அட்டை. அப்படியிருந்தும் கிலோவுக்கு அவன் என்னைவிட அதிகம் பீஸ் எடுத்தான். கட்டிங்காரனுக்கு மரியாதையே அதில்தான் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பாய் ஒவ்வொரு வாரமும் என் மேசைக்கு வந்து, “அவரு எடுக்கறாரு, உங்களால ஏன் முடியறதில்ல?” என்று கேட்பார். சத்தம் போட்டுக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகக் கேட்பார்.

அந்தச் சமயத்தில் பாய் வீரபாண்டியில் புது யூனிட் கட்டிக்கொண்டிருந்தார். அங்கே கட்டிங் முழுவதற்கும் ஒரே ஆள் பொறுப்பு. நான் அல்லது சண்முகம், இரண்டு பேரில் ஒருவர் என்பது கம்பெனி முழுக்கத் தெரிந்த விஷயம். எனக்கு அது வேண்டும். வெட்டும்போதும் அதே நினைப்பு, சாப்பிடும்போதும் அதே நினைப்பு. என் சம்சாரம் ஒருநாள், “இனி இந்த ஊட்டுல வீரபாண்டின்னு ஒரு வார்த்தை வந்தா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன்” என்று சொல்லிவிட்டாள்.

கம்பெனிக்கு எதிரே ஒரு பேக்கரி. டீ நேரத்தில் நாலு பேர் நடுவில் நின்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

“சண்முகத்துக்குப் பேராசைங்க. துணிகிட்டக்கூடப் பேராசை. இருக்கற பீஸ் பத்தாதுன்னு எங்கிருந்தோ புடுங்கறாரு.”

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்கள். சண்முகம் கையில் பன்னோடு நின்றுகொண்டிருந்தான். அவன் கோபப்படவில்லை. அவனிடம் எனக்குப் பிடிக்காத குணங்களில் அது முதலாவது.

“மாஸ்டர், பேராசைன்னா ஆசை பெருசுன்னு மட்டுந்தானுங்க அர்த்தம். ஆசைங்கறதே வடக்க இருந்து வந்த சொல்லுங்க. அங்க அதுக்கு நம்பிக்கைன்னுகூட ஒரு அர்த்தம் இருக்குது. அதுக்கு முன்னால பெருசுன்னு ஒண்ணை ஒட்டவெச்சு நம்ம ஆளுங்க திட்டறதுக்கு வெச்சுக்கிட்டாங்க. எனக்கு ஆசை பெருசுதானுங்க, ஒத்துக்கறேன்.”

“ஒத்துக்கிட்டாச் சரிங்க” என்றேன்.

“ஆனா உங்களுக்கு இருக்கறது வேறீங்க. அதுக்குப் பழைய சொல் ஒண்ணு இருக்குது. வெஃகல். அடுத்தவங்க கையில இருக்கறதைப் பார்த்து, அது எனக்கு வேணுமின்னு சூடாகறது. ஆசை பெருசா சின்னதாங்கறது அங்க பேச்சே இல்லீங்க. பொருள் யாரோடதுங்கறதுதான் பேச்சு. ஒரு சாக்பீஸா இருந்தாலும் அடுத்தவனோடதுன்னா அது வெஃகல்தானுங்க.”

“சூடாகறதுன்னா என்னுங்க?” என்று அயர்ன் மாஸ்டர் ஒருவர் எடுத்துக்கொடுத்தார். அவருக்கு நேரம் போக வேண்டும்.

“வெம்மைன்னா சூடுங்க. பழைய தமிழ்ல வெம்மைக்கு விருப்பமின்னும் அர்த்தம் உண்டு. வெஃகலும் அதே வேருதான்னு எங்க வாத்தியார் சொல்லுவாருங்க. வயிறு எரியுதுன்னு நாம சொல்றதில்லீங்களா?”

எல்லாரும் என் வயிற்றைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் ஊரில் சண்டையைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் போடுவார்கள், அதனால் திருப்பி ஓங்கிப் பேசவும் வழியில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த லீவு நாளில் நூலகத்துக்குப் போனேன். அவன் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். என் சட்டையில் பஞ்சு ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு நூலகர், “பனியன் கம்பெனிக்காரருக்கு அகராதியில என்னுங்க வேலை?” என்று கேட்டார்.

“ஒருத்தர் என்னைத் திட்டிட்டாருங்க. திட்டினது சரியான்னு பார்க்கோணும்.”

அவர் சிரிக்காமல் தடிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். விரலை வைத்துத் தேடினேன். அதீதமாக விரும்புவது என்றும், பிறர் பொருளுக்கு ஆசைப்படுவது என்றும் இரண்டுமே இருந்தன. வெம்மையைப் புரட்டினேன். வெப்பம் இருந்தது, விருப்பமும் இருந்தது. இரண்டு சொல்லுக்கும் ஒரே வேர் என்று அந்தப் புத்தகம் அடித்துச் சொல்லவில்லை, அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். போகிற வழியில் நப்பாசை என்ற சொல் கண்ணில் பட்டது. கிடைக்காது என்று தெரிந்தும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆசை. வீரபாண்டி ஞாபகம் வந்ததால் அந்தப் பக்கத்தை உடனே திருப்பிவிட்டேன்.

நூலகர் எட்டிப் பார்த்து, “வெஃகலா?” என்றார். “பழைய ஆளுங்க பொறாமையையும் இதையும் பக்கத்துல பக்கத்துலதானுங்க வெப்பாங்க. பொறாமை அவனுக்கு இருக்குதேன்னு எரியும். இது ஒரு படி மேல போயிக் கையை நீட்டும்.”

எனக்குத் திட்டு சரியாகப் பொருந்தியிருந்தது. அதைவிட, இப்படி ஒரு சொல்லைக் கையோடு வைத்திருக்கிறானே என்ற எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. தொழிலிலும் அவன், தமிழிலும் அவன்.

அன்றிலிருந்து அவனை இன்னும் கூர்ந்து கவனிக்க ஆரம்பித்தேன். இங்கே புதியவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எல்லாரும் சண்முகத்தின் கையைப் பார்த்து வியந்துகொண்டிருந்தார்கள். நான் அவன் மேசைக்கடியில் விழுந்த கழிவைப் பார்த்தேன். கழுத்து வெட்டிய துண்டு, கை வெட்டிய துண்டு, ஓரம் எல்லாம் கோணிப்பையில் போகும். பேட்டர்னை நெருக்கி வைத்து வெட்டுகிற சாமர்த்தியத்தால் பீஸ் கூடுகிறது என்றால் கழிவு குறைய வேண்டும். அவன் கோணி என் கோணி அளவுக்கே நிரம்பியது. துணி எடை ஒன்று, கழிவும் ஒன்று, பீஸ் மட்டும் அதிகம். அப்படியென்றால் ஒவ்வொரு பீஸிலும் துணி குறைகிறது. அளவோ அட்டைக்குச் சரியாக இருக்கிறது. இது எப்படி முடியும் என்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

முடியும். நம் துணி குழாய் மாதிரி வருகிற பின்னல் துணி. சாயம் போட்டுக் காய்ந்து வந்த பிறகு காலண்டர் மெஷினில் நீராவி காட்டி, குழாய்க்குள் சட்டம் விட்டு அகலம் வைப்பார்கள். சட்டத்தைக் கொஞ்சம் விரித்து வைத்தால் துணியும் விரியும். ஆனால் பின்னல் துணி இழுத்த இடத்தில் நிற்காது, ஆற ஆறத் தன் அளவுக்குத் திரும்பிவிடும். அதனால்தான் காலண்டரிலிருந்து வந்த துணியை மறுநாள்வரை மேசையில் பிரித்து ஆறப்போட்டுவிட்டு வெட்டுவது என் வழக்கம். பழைய உள்ளூர்ப் பனியன் ஆட்களும் அப்படித்தான் செய்வார்கள். சண்முகம் ஆறப்போட்டதே இல்லை. வந்த சூட்டோடு வெட்டுவான். வேகமான ஆள் என்று எல்லாரும் அதையும் பாராட்டினார்கள்.

ஒருநாள் சாயங்காலம் அவன் போன பிறகு, அவன் மேசையில் மிச்சமிருந்த துணி முனையில் என் அட்டையை வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து அதே முனையில் அதே அட்டையை வைத்தேன். அட்டை துணிக்கு வெளியே ஒரு அங்குலம் எட்டிப் பார்த்தது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அந்த முனையை என் மேசைக்கு எடுத்துவந்து தனியாகச் சிரித்தேன். வெளிநாட்டுக்குப் போகிற குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் அது. பாய் முதல்முறையாக நேரடியாகப் பிடித்த பார்ட்டி; அதற்கு முன் ஏஜென்ட் வழியாகப் போன சரக்கு சுருங்கியிருந்தாலும் எங்கள் காதுக்கு வந்ததில்லை. முதல் சலவையிலேயே சட்டை சுருங்கும், பார்ட்டி கத்துவான், சண்முகம் தலைகுனிந்து நிற்பான், வீரபாண்டி எனக்கு வந்துவிடும். நான் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. அந்தப் பார்ட்டி போனால் வீரபாண்டியில் கட்டிடம் பாதியில் நிற்கும், எனக்கும் கிடைக்காது, அவனுக்கும் கிடைக்காது. அப்புறம் அந்த ஒரு அங்குலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பாயுடையது இல்லை. சண்முகத்துடையதும் இல்லை. பேர் தெரியாத ஊரில் அந்தச் சட்டையைப் போடப்போகிற குழந்தையுடையது. அதை எடுத்து இங்கே கூடுதல் பீஸாகக் காட்டிக்கொண்டிருக்கிறான். இதற்குப் பேராசை என்ற பேர் பத்தாது. சரியான பேர் எது என்று எனக்கு அவனே சொல்லிக் கொடுத்திருந்தான்.

அந்தச் சொல்லை அவன் முகத்துக்கு நேராகத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில்தான் ஓடினேன். கம்பெனியைக் காப்பாற்ற ஓடினேன் என்று பின்னாளில் சிலர் சொன்னார்கள், நானும் மறுக்கவில்லை.

அதற்குள் ஷிப்ட் தொடங்கிவிட்டது. சண்முகம் அடுத்த துணியை விரித்து மேலே அட்டையை வைத்துவிட்டான். ஏற்கனவே வெட்டிய பண்டில்களைத் தையலுக்குத் தூக்கிக்கொண்டு போகத் தயாராக இருந்தார்கள்.

“சண்முகம், கத்தரியைக் கீழ வைங்க. அந்தப் பண்டிலும் போகக் கூடாதுங்க.”

“ஏனுங்க மாஸ்டர்?”

“துணி திரும்புது. காலண்டர்ல இழுத்து வெச்சிருக்குது.”

அவன் முகம் ஒரு நொடி மாறியது. அப்புறம் பழைய சிரிப்பு வந்துவிட்டது. “பேக்கரியில சொன்னதை இன்னும் மனசுல வெச்சிருக்கறீங்களாட்ட இருக்குது.”

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்கள், வேலை வரவில்லை என்றால் முணுமுணுப்பார்கள். சத்தம் கேட்டுப் பாய் ஆபீஸிலிருந்து வந்தார். நான் முனையைக் காட்டிச் சொன்னேன். அவர் சண்முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மாஸ்டர், நாளைக்குப் பார்ட்டியோட ஆளு வர்றாரு. இந்த நேரத்துல லைனை நிறுத்தறீங்க. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாமலா இருக்கும்? பொறாமையில பேசறீங்களா?”

இல்லை என்று சொல்லியிருந்தால் அங்கேயே தோற்றிருப்பேன். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் என்னைத் தெரியும்.

“ஆமாங்க பாய், பொறாமையிலதான் பேசறேன். ஆனா பொறாமைக்காரன் சொன்னாலும் சுருங்கற துணி சுருங்கத்தானுங்க செய்யும். என்னை நம்ப வேண்டாமுங்க. தண்ணியில போட்டுப் பாருங்க.”

வெள்ளைத் துணியில் கைக்கறை படக்கூடாது என்று என் மேசைக்கடியில் எப்போதும் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருப்பேன். பச்சைப் பெயின்ட் அடித்த தகர வாளி, ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். அதை இழுத்து நடுவில் வைத்தேன். சண்முகம் வெட்டியதில் ஒரு முன்பக்கம், நான் வெட்டியதில் ஒரு முன்பக்கம், இரண்டையும் முக்கிப் பிழிந்து வாசலில் வெயிலில் கல்லின்மேல் விரித்தோம். மதியம் ஆனதும் பாய் லுஹர் தொழுகைக்குப் போய்விட்டார். லைன் நின்றது நின்றபடி இருந்தது.

அந்த நேரம்தான் கஷ்டமான நேரம். நான் தப்பாக இருந்தால் அன்றோடு எனக்கு அந்தக் கம்பெனி முடிந்தது. தையல்காரர்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். சண்முகம் தூணில் சாய்ந்து நின்றான். ஒரு தடவை என்னிடம் வந்து, “நேத்து சாயங்காலமே அட்டை வெச்சுப் பார்த்தீங்களா?” என்று மெதுவாகக் கேட்டான். ஆமாம் என்றேன். “நானும் ஒரு நாள் அப்படிப் பார்த்திருக்கோணுமுங்க” என்றான். மறுபடியும் தூணுக்கே போய்விட்டான்.

பாய் திரும்பி வந்தபோது இரண்டும் காய்ந்திருந்தன. அவரே அட்டையை எடுத்து வைத்தார். என்னுடையது நூல் அளவு உள்ளே போயிருந்தது. சண்முகத்துடையது அந்தக் குழந்தை சைஸுக்கு அடுத்த சின்ன சைஸ் ஆகியிருந்தது.

நான் காத்திருந்த நேரம் வந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

“இதுக்குப் பேருதானுங்க வெஃகல். போடற குழந்தையோட அங்குலத்துக்கு நாம ஆசைப்படறது.”

சண்முகம் என்னை நிமிர்ந்து பார்த்தான். குனிவான், குழறுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் வகுப்பில் பையன் சரியான பதில் சொன்னால் வாத்தியார் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தான்.

“ஆமாங்க மாஸ்டர். சொல்லு சரியா உக்காந்துருச்சுங்க.”

அப்புறம் பாயிடம் திரும்பினான். “காலண்டர்காரரை நாந்தானுங்க விரிச்சு வைக்கச் சொன்னேன். அவர் மேல தப்பில்லீங்க. பீஸ் கூட வருதுன்னு காட்டோணும்னு பண்ணினேன். தைக்கப் போறதுக்கு முன்னால தெரிஞ்சுது நல்லதாப் போச்சு. வெட்டினதை ஆறப்போட்டு அடுத்த சின்ன சைஸுக்கு இறக்கிடலாமுங்க, ஆர்டர்ல அந்த சைஸும் இருக்குது. பெரிய சைஸுக்கு வெட்டாத துணியை ஆறப்போட்டு மாஸ்டரே வெட்டட்டும்.”

நான் யோசிக்காத வழி அது. குற்றவாளியாக நின்றுகொண்டே அவன் யோசித்திருந்தான். பார்ட்டியின் ஆளிடம் பாய் உள்ளதைச் சொல்லித் தவணை கேட்டார். ஆர்டர் தாமதமாகத்தான் போனது, ஆனால் போனது. திரும்பி வரவில்லை. வெற்றி என்னுடையது என்று கம்பெனி முழுக்கச் சொன்னார்கள். அன்று சாயங்காலம் செக்கிங்கிலிருந்து முதல் முறுக்கு என் மேசைக்கு வந்தது.

கண்ணுகளா, இதிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தப்பு ஒன்று கண்ணில் பட்டால், நாம் என்ன மனசோடு சொல்கிறோம் என்று ஆராய்ந்துகொண்டு நிற்காதீர்கள். போட்டியாளன் தப்பைப் பார்த்துவிட்டு, பொறாமை என்பார்களே என்று வாயை மூடிக்கொண்ட நல்லவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்கள் மனசு சுத்தமாகிற வரைக்கும் சரக்கு லாரி காத்து நிற்கவில்லை. எரிச்சலோடு சொன்னாலும் பரவாயில்லை, நேரத்துக்குச் சொல்லுங்கள். கூடவே ஒரு வாளித் தண்ணீரும் வைத்திருங்கள், உங்களை நம்பச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்காது.

சில மாதம் கழித்து வீரபாண்டி யூனிட் தயாரானது. பாய் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். வீரபாண்டிக்குச் சண்முகம் என்றார்.

சண்முகம் வெளியே போன பிறகு நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“பாய், இழுத்து வெட்டினது அவரு. கண்டுபுடிச்சது நானுங்க.”

“அதனாலதான் மாஸ்டர். அங்க நான் தினமும் போக முடியாது. தப்பு நடந்தா மறைக்காம என்கிட்ட வந்து சொல்ற ஆளு வேணும். அவரு அத்தனை பேருக்கு முன்னால நின்னு சொன்னாரு. இங்க என் பக்கத்துல தப்பைத் தேடிக் கண்டுபுடிக்கற ஆளு வேணும். உங்களை விட்டா வேற யாரு?”

அதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால்தான் வயிறு இன்னும் எரிந்தது. தப்புச் செய்தவனுக்கு அந்தத் தப்பை ஒத்துக்கொண்டதற்காக யூனிட், சரியாகச் செய்தவனுக்குப் பழைய மேசை. வீட்டில் சொன்னபோது சம்சாரம், “இனிமே அந்தப் பேரு இந்த ஊட்டுல வராதில்ல?” என்று மட்டும் கேட்டாள். அவன் போன அன்று சாயங்காலம் கை கழுவக் குனிந்தேன். என் வாளியையும் காணோம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பேட்டர்ன் அட்டை வாங்கிவர வீரபாண்டிக்குப் போனேன். யாரையாவது அனுப்பியிருக்கலாம். அவன் கட்டிங் எப்படி இருக்கிறது என்று பார்க்க நானே போனேன். என்னுடையதைவிட நீளமான மேசைகள், ஜன்னல் முழுக்க வெளிச்சம், தலைக்கு மேல் புது ஃபேன். எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்து எரிந்து முடிக்கும்போது, முதல் மேசைக்கடியில் ஒரு பச்சை வாளி. நசுங்கல்கூட அப்படியே இருந்தது.

துணி விரிக்கிற ஒரு பெண் ஒரு துண்டை வெட்டி அதில் முக்கிப் பிழிந்து ஜன்னல் கம்பியில் போட்டாள். பேச்சைக் கேட்டால் மதுரைப் பக்கம் என்று தெரிந்தது.

“அம்மிணி, இந்த வாளி யாருதுங்க?”

“எங்க மாஸ்டரோடது இல்லங்க. மண்ணரையில ஒரு மாஸ்டர் இருக்காகளாம், அவுக வாளி. கேக்காம தூக்கிட்டு வந்துட்டேன்னு இவுகளே சொல்லுவாக. ஒவ்வொரு லாட்டுக்கும் நனைச்சுப் பாத்துட்டுத்தான் இங்க வெட்டு. வெளிநாட்டுக்காரவுக வந்து, நல்ல யோசனைன்னு இவுக கையப் பிடிச்சுக் குலுக்குனாக. அப்பயும் யோசனை என்னோடது இல்ல, அந்த மாஸ்டரோடதுன்னு சொல்லிட்டாக.”

“அந்த மாஸ்டர் எப்படி ஆளாமா?”

“பொறாமைக்காரவுகளாம். ஆனா துணி விசயத்துல அவுக சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு சொல்லுவாக.”

அதற்குள் சண்முகம் வந்துவிட்டான். முடி நரைத்திருந்தது, ஆனால் உதிரவில்லை.

“வாங்க மாஸ்டர். வாளியைக் கொண்டுபோக வந்தீங்களா?”

“கேட்டு எடுத்திருக்கலாமுங்க.”

“கேட்டாக் குடுத்திருப்பீங்களா?”

கொடுத்திருக்க மாட்டேன். அது அவனுக்கும் தெரியும். “இருக்கட்டுமுங்க” என்று சொல்லிவிட்டு அட்டையை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸில் வரும்போது வயிறு எரிந்தது. அந்த நீளமான மேசைகளுக்காக இல்லை. எடுத்த வாளியை இன்னாருடையது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அவனால் சொல்ல முடிந்திருக்கிறது. என் மேசையிலும் அவனிடமிருந்து எடுத்த ஒன்று இருந்தது. அதை வைத்துத்தான் உங்களை இத்தனை வருஷம் அதட்டினேன். யாருடையது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதை வைத்து நீங்கள் எனக்குப் பட்டப்பெயர் வைத்தபோது உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டேன்.

ஆகவே புதிதாக வந்தவர்கள் இனிமேல் இப்படிச் சொல்லிப் பழகுங்கள். வெட்டுவதற்கு முன் துணியைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது என்னுடைய யோசனை. வெஃகல் என்ற சொல் வீரபாண்டி சண்முகத்துடையது. இதை எழுதும்போதுகூட எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.